அறுபத்து மூன்றில் நின்ற மெஷின்

4

கம்ப்யூட்டர் இன்ஸ்டிட்யூட்டுகள் நெருக்கியடிக்கும் அமீர்பேட்டில் மழைக்கு ஒதுங்கினால்கூடப் பிடித்து ஏதாவது ஒரு கோர்ஸில் சேர்த்துவிடுவார்கள். இலியாஸ் அப்படித்தான் மூன்று கோர்ஸ்களில் சேர்ந்தான். மூன்றிலும் பாதியில் மழை விட்டுவிட்டது.

மூன்று அரைகளைக் கூட்டினால் ஒன்றரை. அந்த ஒன்றரைப் படிப்பை நம்பித்தான் காத்யாயனி துப்பறியும் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் இலாகாவே நடக்கிறது என்பதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. காத்யாயனி மேடத்துக்குக் கம்ப்யூட்டர் என்பது ரயில் டிக்கெட் போடுகிற சாமான், அவ்வளவுதான். ஓர் ஆசாமி பொய் சொல்லும்போது கை எங்கே போகிறது, கண் எங்கே போகிறது என்பதுதான் அவருடைய பாடம். ஐம்பத்திரண்டு வயதில், கைப்பையில் சோம்பு டப்பாவும் மூக்குக் கண்ணாடியுமாக, அந்தப் பாடத்தில் அவர் யாருக்கும் சளைத்தவரில்லை.

"நாலாவது மாடி. லிஃப்ட் ரிப்பேர்" என்றான் இலியாஸ், படிக்கட்டை அண்ணாந்து பார்த்து. "ஏன் மேடம், நம்ம கேஸ்காரங்க எல்லாரும் மேலேயே இருக்காங்க? தரைத்தளத்துல தப்புத்தண்டாவே நடக்காதா?"

"நடக்கும். அவங்க நடந்தே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிடுவாங்க. ஏறு."

'சர்வார்த்த சித்தி டெக்னாலஜிஸ், நூற்றுக்கு நூறு வேலை உத்தரவாதம்' என்ற பலகைக்குக் கீழே அதன் முதலாளி எர்ரம்செட்டி வீரபத்ர ராவ் காத்திருந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம், நான்கு விரல்களில் நான்கு கல் மோதிரம். ஐந்தாவது விரலைக் கீபோர்டுக்காக விட்டு வைத்திருந்தார் போல.

"வாங்கம்மா, வாங்க. திருடியைப் பிடிச்சு உட்கார வெச்சாச்சு. நீங்க நிரூபிச்சுக் கொடுத்தாப் போதும்."

"அடடா, பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டீங்களே சார்" என்றான் இலியாஸ். "மீதியையும் முடிச்சிருந்தா நாங்க டீயோட கிளம்பியிருப்போம்."

திருடி என்று சொல்லப்பட்டவள் உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெயர் ஸ்வரூபா. ஜகித்யாலிலிருந்து வந்தவள். இருபத்தாறு வயது. மூன்று வருஷமாக இங்கே லேப் பொறுப்பாளர். இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு பெரிய பயணப் பையை இடுக்கி வைத்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. ஆனால் தலை குனியவில்லை. இலியாஸுக்கு அவளைப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. அவனுக்குப் பிடித்துப்போனவர்களில் இதுவரை மூன்று பேர் ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்பதால் அதை அவன் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"விஷயத்தைச் சொல்லுங்க" என்றார் காத்யாயனி.

"புது சர்வர் வாங்கினேம்மா. பெரிய மெஷின். அதுக்குள்ள அறுபது மெஷின் ஓடும். திங்கட்கிழமை அறுபது பசங்க புது பேட்ச். முதல்ல உள்ள ஒரே ஒரு மெஷினை உண்டாக்கி, அதுல ஓ.எஸ். ஏத்திட்டா அப்புறம் அதையே அறுபதாக் காப்பி அடிச்சுக்கலாம். மூணு நாளா ஏத்தறேன். அறுபத்து மூணு சதவீதத்துக்கு வருது, நின்னுடுது. அறுபத்து நாலு ஆகமாட்டேங்குது."

காத்யாயனி இலியாஸைப் பார்த்தார்.

"உள்வாடகை மாதிரி மேடம்" என்றான் அவன். "ஒருத்தர் ஒரு பெரிய வீட்டை எடுத்து, நடுவுல தட்டி அடிச்சு அறுபது பேருக்கு விடறாரு. வெளியே இருந்து பார்த்தா ஒரே வீடு. உள்ளே இருக்கிற ஒவ்வொருத்தனும் தனக்குத் தனி வீடுன்னு நினைச்சிட்டிருப்பான். கரண்ட்டு, தண்ணி, காத்து எல்லாம் பெரிய வீட்டுலேருந்துதான் போகும். இப்ப முதல் ஆளே குடிவர மாட்டேங்கறான்."

"இந்தப் பொண்ணு என்ன பண்ணினா?"

"கெடுத்துட்டுப் போறா!" என்று ராவ் குரலை உயர்த்தினார். "புனேல பெரிய கம்பெனில வேலை கிடைச்சிருக்காம். எதிர்வரிசை இன்ஸ்டிட்யூட்காரன் பத்மநாபம் ஏதோ சொல்லிக் கொடுத்திருப்பான். போறதுக்கு முன்னாடி என் மெஷினுக்குச் சூனியம் வெச்சிட்டா. மெஷின் ஓடற வரைக்கும் இவளோட ஒரிஜினல் எல்லாம் என் பீரோவிலதான் இருக்கும்."

வேலைக்குச் சேருகிற அன்று பத்தாம் வகுப்பு முதல் டிகிரி வரை அசல் சான்றிதழ்களை முதலாளியிடம் ஒப்படைத்துவிடுவது அங்கே ஊரறிந்த வழக்கம். நடுவில் ஓடிவிடக் கூடாதே என்பதற்காக. இலியாஸ் தனக்கு டிகிரியே இல்லாததை நினைத்துச் சந்தோஷப்பட்ட தருணங்களில் அதுவும் ஒன்று.

ஸ்வரூபா முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "மூணு மாசம் முன்னாடியே நோட்டீஸ் கொடுத்துட்டேன் மேடம். நாளைக்குக் காலைல புனேல சர்டிஃபிகேட் சரிபார்க்கறாங்க. நாலு மணிக்கு செகந்திராபாத்ல ரயில். ஒரிஜினல் இல்லாமப் போனா கேட்டைக்கூடத் தாண்ட விடமாட்டாங்க. அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. நாலு வருஷமா இன்டர்வியூ குடுத்துக் கிடைச்ச வேலை."

இலியாஸ் செல்போனைப் பார்த்தான். ஒன்று நாற்பது.

* * *

சர்வர் அறை என்பது லேபின் மூலையில் கண்ணாடி வைத்துத் தடுத்த ஒரு பொந்து. உள்ளே ஏ.சி. குளிரில் அந்தப் புது மெஷின் சிவப்புத் துணி சுற்றி, சாமந்தி மாலை போட்டு, மேலே எலுமிச்சம்பழத்தோடு கல்யாணத்துக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது. திரையில் ஒரு நீலப் பட்டை. பக்கத்தில் 63. அதற்குக் கீழே ஒரு சின்னச் சக்கரம் சலிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"இவ இதைத் தொட்டாளா?" என்று கேட்டார் காத்யாயனி.

"தொட விடுவேனா? பூஜை போட்ட மெஷினை, வேலையை விட்டுப் போறவ தொடக் கூடாது. பாஸ்வேர்ட் எனக்கு மட்டும்தான் தெரியும். நானேதான் ஏத்தினேன். இவ எழுதி வெச்ச நோட்ஸைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு பக்கமா."

இலியாஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "தொடாமலே கெடுத்துட்டாங்கறீங்க. அப்ப கெட்டிக்காரிதான். அனுப்பாதீங்க, சம்பளத்தை ஏத்திப் பக்கத்துலயே வெச்சுக்குங்க."

"நோட்ஸ்லதான்யா சூது இருக்கு! இல்லைன்னா அவ கொடுத்த ஓ.எஸ். காப்பில இருக்கு. அவ லேப்டாப்ல அதே காப்பி ஜம்முனு ஏறுது. என் மெஷின்ல ஏறலை. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. காத்யாயனி வாயில் நாலு சோம்பைப் போட்டுக்கொண்டு, "இலியாஸ், உன் ஒன்றரைப் படிப்பைக் காட்டு" என்றார்.

அவன் காட்டினான். ராவ் பாஸ்வேர்டைத் தட்டும்போது மரியாதையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டான். பிறகு மெஷினுக்குள் இடம் இருக்கிறதா என்று பார்த்தான். ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இருந்தது. மெமரி பார்த்தான், தாராளம். இன்டர்நெட் வருகிறதா என்று பார்த்தான், வந்தது. கடைசியாக அதே காப்பியை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய், லேபில் ஒன்பதாம் நம்பர் கம்ப்யூட்டரில், ஸ்வரூபாவின் நோட்ஸைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, எழுத்துக்கு எழுத்து அதேபோல ஏற்றத் தொடங்கினான்.

அரை மணி நேரம் மூன்று பேரும் ஒரு பட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐம்பது. ஐம்பத்தெட்டு. அறுபத்து மூன்று வந்தபோது வீரபத்ர ராவ் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பட்டை அவரைச் சட்டை செய்யாமல் அறுபத்து நாலு, அறுபத்தஞ்சு, எழுபது என்று போய்க்கொண்டேயிருந்தது.

"நோட்ஸும் சரி, காப்பியும் சரி" என்றான் இலியாஸ். "ஓட்டை மெஷின்ல ஓடுது. புது மெஷின்ல ஓடலை. அரே, இந்த மெஷினுக்கு மட்டும் என்ன வந்தது?"

"நான் சொல்லலை? சூனியம்" என்றார் ராவ், ஜெயித்த முகத்தோடு.

"அறுபத்து மூணுல அப்படி என்ன விசேஷம்?" என்று காத்யாயனி ஸ்வரூபாவிடம் கேட்டார்.

"அதுவரைக்கும் காப்பில இருக்கறதையே எடுத்து ஏத்தும் மேடம். அறுபத்து மூணுக்கு மேல மீதிச் சாமானை இன்டர்நெட்லேருந்து வரவழைக்கும். அங்கேதான் நிக்குது. என்ன காரணம்னு மெஷினே ஒரு மூலைல எழுதி வெச்சிருக்கும். என்னைப் பார்க்கவே விடமாட்டேங்கறாரு."

"நக்கோ, நக்கோ, வேண்டாம் மேடம்" என்றான் இலியாஸ். "அந்த மூலையைத் தேடணும்னா நான் விட்ட மூணு கோர்ஸ்லயும் மறுபடி சேரணும். அது பிற்பாதில வரும்."

காத்யாயனி சிரிக்கவில்லை. அவர் மெஷினைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டு லேபைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது பழைய கம்ப்யூட்டர்கள். நாற்பது திரைகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும், மேல் சட்டத்தின் நட்டநடுவில், ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமப் பொட்டு காய்ந்து போயிருந்தது. பிறகு கண்ணாடி அறைக்குள் எட்டிப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு புது மெஷினைச் சுற்றி வந்தார்.

"இது என்ன அட்டை?"

சர்வரின் மேல், நாலு ஓரத்திலும் மஞ்சள் தடவி ஒட்டியிருந்தது அது. 'ஆரம்பம்: ஜூன் 18, புதன், காலை 9.14.'

"முகூர்த்த அட்டைம்மா. எதை ஆரம்பிச்சாலும் எழுதி ஒட்டிடுவேன்."

"அப்ப ஜூன் பதினெட்டாம் தேதி ஆரம்பிச்சீங்க."

"ஆமா."

காத்யாயனி ஸ்வரூபா பக்கம் திரும்பினார். "மெஷின் எப்பம்மா வந்தது?"

"இந்தச் செவ்வாய்க்கிழமைதான் மேடம். ஜூலை எட்டு. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பெட்டி இன்னும் வராந்தாவிலேயே இருக்கு."

இலியாஸ் வராந்தாவுக்கு ஓடிப் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துக்கொண்டு வந்தான். எட்டாம் தேதி ஜூலை, கீழே 'ஸ்வரூபா' என்ற கையெழுத்து.

"பிரமாதம்!" என்றான். "பிறக்கிறதுக்கு மூணு வாரம் முன்னாடியே பள்ளிக்கூடம் போன குழந்தை. ராவ் காரு, உங்க விளம்பரத்துல போட வேண்டிய விஷயம்."

ராவின் கை தானாகக் குங்குமத்தைத் தொட்டது. கண் பீரோ பக்கம் போய்த் திரும்பியது. "அது... அது முகூர்த்தம் குறிச்ச தேதி. மெஷின் லேட்டா வந்ததுக்கு நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றார் காத்யாயனி. "அந்த நோட்ஸை எடு இலியாஸ். இதில்லை, சார் வெச்சிருக்கிறது."

சர்வருக்குப் பக்கத்தில் ஊதுபத்தி ஸ்டாண்டுக்கு அடியில் கிடந்தது அது. அமீர்பேட் முழுக்கக் கிடைக்கிற மாதிரி ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் கட்டு. பூஜை முடிந்த கையோடு புரட்டியிருக்கிறார். பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து இருபத்தாறாம் பக்கம் வரை ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் சிவப்பாக ஒரு கட்டைவிரல் அடையாளம்.

"ஓ.எஸ். ஏத்தறது எத்தனை பக்கம்மா?"

"பன்னெண்டு டு இருபத்தாறு மேடம்."

காத்யாயனி மேலே புரட்டினார். இருபத்தேழு சுத்தம். முப்பது சுத்தம். முப்பத்தைந்து சுத்தம். நாற்பத்தொன்றில் நின்றார். அங்கே ஒரு கட்டைவிரல் இல்லை, மூன்று இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, மூன்று நாள் பூஜையின் குங்குமம்.

"இந்தப் பக்கத்துல என்ன பாடம்?" என்று கேட்டுக் கட்டை ஸ்வரூபாவிடம் நீட்டினார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். புருவம் ஏறியது. மெதுவாகத் தலையைத் தூக்கி முதலாளியைப் பார்த்தாள். மூன்று நாளாக அவள் முகத்தில் இல்லாத ஏதோ ஒன்று இப்போது வந்திருந்தது. சிரிப்பா, கோபமா என்று இலியாஸுக்குப் பிடிபடவில்லை.

"சார்..." என்றாள். "கடிகாரத்தை மாத்தினீங்களா?"

வீரபத்ர ராவ் ஏ.சி.யைப் பார்த்தார்.

"நானே சொல்றேன், தப்பு இருந்தா நிறுத்துங்க" என்றார் காத்யாயனி. "ஜூன் பதினெட்டு நல்ல நாள், அன்னிக்குத் தொடங்கணும்னு குறிச்சு வெச்சீங்க. மெஷின் வரலை. வந்தப்ப ஆகாத மாசம், ஆஷாடம் பிறந்தாச்சு. ஆஷாடத்துல நீங்க ஒரு செருப்புக்கூட வாங்கமாட்டீங்க. அடுத்த மாசம் சிராவணம் வர்ற வரைக்கும் காத்திருக்கலாம்னா திங்கட்கிழமை அறுபது பேர் வந்து நிப்பாங்க. அதனால நாளை நகர்த்த முடியாம கடிகாரத்தை நகர்த்தினீங்க. மெஷினைப் பொறுத்தவரைக்கும் அன்னிக்கு ஜூன் பதினெட்டு, காலை ஒன்பது பதினாலு. சரியா?"

"சாமிக்குத் தெரியும், என் மனசுல கள்ளம் இல்லைன்னு" என்றார் ராவ் ஈனக் குரலில்.

"சாமிக்குத் தெரிஞ்சது மத்தவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அந்தப் பொட்டா?"

அப்போதுதான் இலியாஸ் கவனித்தான். மற்ற எல்லாத் திரைக்கும் நெற்றியில் பொட்டு. இந்த ஒன்றுக்கு மட்டும் வலதுபக்கக் கீழ்மூலையில், கண்ணாடி மேலேயே, ரூபாய் நாணயம் அளவுக்குக் குங்குமம் அப்பியிருந்தது. நெற்றியில் வைக்க வேண்டியதைக் கணுக்காலில் வைத்த மாதிரி. கம்ப்யூட்டர்கள் நேரமும் தேதியும் காட்டுகிற அதே மூலை. ஒரு மணி நேரமாக அந்தத் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன்தான். ஒன்றரைப் படிப்பில் ஒரு கால் குறைந்தது போல அவனுக்கு வெட்கமாக இருந்தது.

கைக்குட்டையின் நுனியை நனைத்துத் துடைத்தான். குங்குமத்துக்குக் கீழிருந்து எட்டிப் பார்த்தது: ஜூன் 18, புதன், 11.47.

"இன்னும் பதினெட்டா?" என்றான். "மூணு நாள் ஓடியிருக்கே. இருபதாவது ஆகியிருக்க வேணாமா?"

"ஒவ்வொரு தடவை நின்னதும் மறுபடி முதல்லேருந்து ஏத்தணுமே" என்றார் ராவ். குற்றவாளி வாக்குமூலம் தருகிற தோரணை வந்துவிட்டது அவருக்கு. "ஒவ்வொரு தடவையும் அதே முகூர்த்தத்துலதானே ஏத்தணும்? இன்னிக்கு மத்தியானம் பன்னெண்டு மணி வாக்கிலகூட மறுபடி ஒன்பது பதினாலு வெச்சு ஆரம்பிச்சேன்."

"அப்ப இந்த மெஷினுக்கு மூணு நாளா ஒரே புதன்கிழமை!" இலியாஸால் தாங்க முடியவில்லை. "பாவம் சார் அது. ஞாயித்துக்கிழமையைப் பார்க்காமலே ரிட்டயர் ஆகியிருக்கும்."

"அதுக்கும் நிக்கறதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ராவ் முறைத்தார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

ஸ்வரூபா எழுந்தாள். அவள் பாடம் நடத்துகிறவள். மூன்று வருஷப் பழக்கம் கோபத்தைவிட வேகமாக முன்னால் வந்தது.

"சார், பெரிய மெஷின்ல என்ன நேரமோ அதைத்தான் உள்ளே இருக்கற மெஷினும் எடுத்துக்கும். வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே குடியிருக்கற ஆள் மாதிரி. அறுபத்து மூணுக்கு மேல இன்டர்நெட்லேருந்து சாமான் வரும். ஒவ்வொரு பார்சல் மேலயும் இன்ன தேதியிலேருந்து செல்லும்னு முத்திரை இருக்கும். வர்றது எல்லாம் ஜூலை முத்திரை. இது காலண்டரைப் பார்க்குது, ஜூன். அடுத்த மாசம் எழுதப் போற கடிதத்தை இன்னிக்கே ஒருத்தன் கொண்டு வந்து நீட்டினா நீங்க வாங்குவீங்களா? போலின்னு திருப்பி அனுப்புவீங்க. அதுவும் திருப்பி அனுப்பிட்டு, மறுபடி கேக்கும். மறுபடி ஜூலை வரும். இப்படியே சுத்திட்டிருக்கும். சிராவணம் என்ன, சங்கராந்தி வரைக்கும் சுத்தும்."



"ஆக, சூனியம் வெச்சது யாருன்னு கேஸ் முடிஞ்சது" என்றார் காத்யாயனி. "நிரூபிச்சுக் கொடுத்தாப் போதும்னு சொன்னீங்க, நிரூபிச்சாச்சு. இப்ப அந்தப் பொண்ணோட ஒரிஜினலைக் கொடுங்க. மணி ரெண்டு நாற்பது. அவ ரயிலைப் பிடிக்கணும்."

வீரபத்ர ராவ் பீரோவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். நெளிந்தார்.

"கொடுத்துடறேம்மா. என் தப்புதான். ஆனா இன்னிக்கு முடியாதே."

"ஏன்?"

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை நான் பீரோவிலேருந்து ஒரு குண்டூசிகூட வெளியே கொடுத்ததில்லை. லட்சுமி போயிடும். பதினெட்டு வருஷமா வெச்சிருக்கற நியமம். நாளைக்குக் காலைல முதல் வேலையா..."

"நாளைக்குக் காலைல நான் புனேல நிக்கணும் சார்!" ஸ்வரூபாவின் குரல் உடைந்தது. மூன்று நாளாகத் திருடி என்று கேட்டபோது உடையாத குரல், குற்றமற்றவள் என்று தெரிந்த பிறகு உடைந்துவிட்டது. இலியாஸ் வாயில் வந்த இரண்டு கிண்டல்களையும் விழுங்கிவிட்டான்.

"கெஞ்சிக் கேட்டுக்கறேம்மா, வெள்ளிக்கிழமை மட்டும்..." ராவ் உண்மையாகவே கையைப் பிசைந்தார். அவர் கெட்டவர் இல்லை என்பது அந்த நேரத்தில் எல்லாவற்றையும்விட இலியாஸுக்கு எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம்.

ஸ்வரூபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, மெஷினையாவது சரி பண்ணிடறேன். தேதியை மாத்தினா ஓடிடும்" என்று கீபோர்டு பக்கம் கையைக் கொண்டு போனாள்.

"தொடாதே!" என்றார் காத்யாயனி.

எல்லாரும் திடுக்கிட்டார்கள். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி இலியாஸ் கேட்டதில்லை.

"ராவ் காரு, இங்கே வாங்க. இந்த மூலையைப் படிங்க. சத்தமா."

"ஜூன் பதினெட்டு..." ராவ் குனிந்து படித்தார். "புதன். பதினொண்ணு ஐம்பது."

"இந்தக் கடிகாரம் சொல்றதை உங்க சாமி ஒத்துக்கிச்சு. ஆஷாடத்துல தொடங்கினதை முந்தின மாசம் ஜேஷ்டத்துல தொடங்கினதா எடுத்துக்கிச்சு. அப்படித்தானே?"

"ஆமா... அப்படித்தான் நம்பினேன்."

"அப்ப இந்த ரூமுக்குள்ள இன்னிக்கு என்ன கிழமை?"

ராவ் மறுபடி அந்த மூலையைக் குனிந்து பார்த்தார்.

"புதன்" என்றான் இலியாஸ் உற்சாகமாக. "மூணு நாளா புதன். புதன்கிழமை கொடுத்தா லட்சுமி எங்கேயும் போகாது. இல்லை, இது செல்லாது, வெளியே வெள்ளிதான்னு சொல்றீங்களா? அப்ப முகூர்த்தமும் செல்லாது. ஆஷாடத்துல ஆரம்பிச்ச மெஷின்தான் இது. ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க சார்."

"யோசிங்க, ஆனா சீக்கிரம்" என்று காத்யாயனி சோம்பு டப்பாவை மூடினார். "புதன்கிழமை ராகு காலம் பன்னெண்டுக்கு. இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு."

ஐம்பத்தெட்டு வயது மனிதர் ஒருவர் அத்தனை வேகமாகப் பூணூலிலிருந்து சாவியை அவிழ்த்து இலியாஸ் பார்த்ததில்லை. முடிச்சு சிக்கிக்கொண்டது. பல்லால் கடித்தார். பீரோ அந்தக் கண்ணாடி அறைக்கு நேர் வெளியே இருந்தது. அது எந்தக் கிழமையைச் சேர்ந்தது என்று ஒரு நொடி தயங்கினார். இலியாஸ் ஓடிப்போய்க் கண்ணாடிக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாங்க சார், இதுவும் புதன்தான், காத்து இங்கேயும் வருது" என்றான்.

பீரோவின் கீழ்த்தட்டில் பன்னிரண்டு ஊழியர்களின் ஃபைல்கள் வரிசையாக நின்றன. ராவ் மூன்றாவதை உருவினார். பதினொன்று ஐம்பத்தாறு.

ஸ்வரூபா வாங்கித் தரையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தாள். பத்தாம் வகுப்பு. இன்டர் என்கிற பன்னிரண்டாம் வகுப்பு. டிகிரி. மாற்றுச் சான்றிதழ். மூலைகள் மடங்காமல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு முறை அழுதாள், சத்தமில்லாமல், சுருக்கமாக. பிறகு பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"ஓடும்மா" என்றார் காத்யாயனி. "மெட்ரோல போனா நேரம் இருக்கு."

அவள் வாசல் வரைக்கும் போனாள். நின்றாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே திரும்பி வந்து சர்வருக்கு முன்னால் நின்றாள்.

"வேண்டாம்மா!" என்றார் ராவ் பதறி. "தேதியை மாத்தினா ஆஷாடத்துல ஆரம்பிச்ச மாதிரி ஆயிடும். பசங்களுக்கு ஏதாவது சொல்லிக்கறேன். சிராவணம் வரட்டும்."

"திங்கட்கிழமை அறுபது பேர் வருவாங்க சார். என்னை மாதிரி ஊரை விட்டு வந்தவங்க. ஹாஸ்டல் பிடிச்சு உட்கார்ந்திருப்பாங்க. அவங்களுக்கு எந்த மாசம்னு பார்த்தா படிக்க முடியும்?"

அவள் விரல்கள் ஓடின. பெரிய மெஷினில் தேதியை மாற்றினாள். உள்ளே இருந்த மெஷினுக்கும் அதையே சொன்னாள். 'மறுபடி முயற்சி செய்' என்ற பொத்தானுக்கு மேல் விரலை நிறுத்திக்கொண்டு திரும்பினாள். வீரபத்ர ராவ் இரண்டு கைகளையும் கூப்பிக் கண்ணை இறுக மூடியிருந்தார்.

"கண்ணைத் திறங்க சார். நீங்க ஆரம்பிக்கலை, நான்தான் ஆரம்பிக்கறேன். தோஷம் கீஷம் வந்தா என் பேருக்கு வரட்டும். நான்தான் போயிடறேனே, என்னோடயே போயிடும்."

அழுத்தினாள். பட்டை ஒரு விநாடி யோசித்தது. அறுபத்து நாலு. அறுபத்தாறு. எழுபத்தொன்று.

அவள் நின்று பார்க்கவில்லை. படிக்கட்டில் அவளுடைய செருப்புச் சத்தம் நாலு மாடியும் தடதடவென்று இறங்கிக் கேட்டது.

வீரபத்ர ராவ் பட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார். எண்பதைத் தாண்டியபோது நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். முகத்திலிருந்த குங்குமம் வியர்வையில் மூக்குவரை இறங்கியிருந்தது.

"இவளையாம்மா நான் திருடின்னு சொன்னேன்" என்றார். "மூணு நாளா. பசங்க எல்லார் முன்னாடியும்."

பீரோ இன்னும் திறந்தே கிடந்தது. காத்யாயனி அதையே பார்த்தார். கீழ்த்தட்டில் பதினோரு ஃபைல்கள், நடுவில் ஓர் இடைவெளி.

இலியாஸ் திரையின் மூலையைப் பார்த்தான். ஜூலை 11, வெள்ளி. "மேடம்" என்று கிசுகிசுத்தான். "இப்ப நிஜமாவே வெள்ளிக்கிழமை ஆயிடுச்சு. கொஞ்சம் அவசரப்பட்டுட்டா அந்தப் பொண்ணு, மீதி பதினொண்ணையும் புதன்லயே வாங்கியிருக்கலாம்."

ராவ் எழுந்தார். கடிகாரத்தின் பக்கமே திரும்பவில்லை. பீரோவின் முன் குந்தி உட்கார்ந்து பதினோரு ஃபைல்களையும் இரண்டு கைகளாலும் வாரி எடுத்து மேஜை மேல் போட்டார். வராந்தாவுக்கு வந்து, வகுப்பு நடந்துகொண்டிருந்த அறையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்.

"யாதகிரி! பாடத்தை நிறுத்து! உன் டிகிரி இங்கே இருக்கு, வந்து எடுத்துட்டுப் போ!"